மூன்று நடுவர்களுக்கு மூன்று கணக்கு எப்படி வந்தது? 2022 காலாங் சண்டைகளை மறுபடி பார்ப்பவருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். போன வாரம் மாமா வீட்டில் உட்கார்ந்து, 2022 ஜூனில் சிங்கப்பூரில் நம் காலாங் உள்விளையாட்டரங்கில் நடந்த யுஎஃப்சி 275-ஐ (யுஎஃப்சி என்பது அடியும் பிடியும் கலந்த கூண்டுச் சண்டைகளை நடத்தும் அமெரிக்க நிறுவனம்) முதலிலிருந்து கடைசிவரை மறுபடி பார்த்திருக்கிறீர்கள். வாலன்டினா ஷெவ்சென்கோவும் பிரேசிலின் தைலா சாந்தோஸும் மோதிய சண்டை முடிந்ததும் நடுவர்களின் கணக்கு 48-47, 47-48, 49-46 என்று ஆளுக்கொரு பக்கம் போய், இரண்டுக்கு ஒன்று என்று ஷெவ்சென்கோ வென்றதாக அறிவித்ததைக் கேட்டு, "இதுல ஏதோ கோல்மால் இருக்கு, அந்தப் பிரேசில் பொண்ணுதான் ஜெயிச்சது" என்று மாமா சொல்லிவிட்டார். நீங்கள் ஷெவ்சென்கோ பக்கம். யார் சொல்வது சரி, அந்தக் கார்டில், அதாவது அன்றைய சண்டைப் பட்டியலில், வேறு எந்தச் சண்டையைத் திரும்பப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தபோது, அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. விவரம் தெரிந்த மூன்று பேர், நேர்மையாகவே இருந்தும், கண்முன் நடக்கும் ஒரே சண்டையை இவ்வளவு வேறாகப் பார்க்க முடியுமா? முடியும். எப்படி என்பதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்லப் போகிறேன்.

நான் சிங்கப்பூரில் 16 ஆண்டுகளாக ஜியு-ஜிட்சு (தரையில் பிடித்து மடக்கும் கலை) பழகுகிறேன், அதில் கடைசி 9 ஆண்டுகள் சொல்லியும் கொடுக்கிறேன். உள்ளூரில் நடக்கும் சிறிய அமெச்சூர் போட்டிகள் சிலவற்றில் மதிப்பெண் போடும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய நிறுவனப் போட்டிகளில் உட்கார்ந்ததில்லை. அதனால் தரையில் நடப்பதைப் பற்றி நான் சொல்வதில் உறுதி அதிகம் இருக்கும், நின்று குத்திக்கொள்வதைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் குறைவாக இருக்கும். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 2022 கார்டை நேரிலும் பார்த்தேன். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு ஒளிபரப்பாக வேண்டும் என்பதால் இங்கே ஞாயிறு விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டது. முக்கியச் சண்டைகள் காலை 10 மணிக்கு. ஸ்டேடியம் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கியவர்கள் கையில் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் காப்பி ஆடிக்கொண்டிருந்தது. சண்டை பார்க்கப் போகும் கூட்டம் போலவே இல்லை, காலைச் சந்தைக்குப் போகும் கூட்டம் போல இருந்தது.

முதலில் எண்களைப் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் மாமாவின் கோபத்தில் பாதி எண்களைக் கேட்டு வந்தது. பட்டத்துக்கான சண்டை 5 ரவுண்டு, ஒவ்வொன்றும் 5 நிமிடம். ஒவ்வொரு ரவுண்டிலும் வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. மூன்று ரவுண்டு ஒருவருக்கு, இரண்டு மற்றவருக்கு என்றால் 48-47. நான்குக்கு ஒன்று என்றால் 49-46. ஆக, ஒரு நடுவர் சாந்தோஸுக்கு மூன்று ரவுண்டு கொடுத்தார், ஒருவர் இரண்டு, இன்னொருவர் ஒன்று. 49-46 என்று கேட்டால் ஏதோ ஒருதலைப்பட்சமாக எழுதிவிட்டார் போலத் தெரியும். ஆனால் அவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஒரு ரவுண்டு. நடுவில் இருப்பவருக்கும் சாந்தோஸ் வென்றார் என்று எழுதியவருக்கும் இடையிலும் ஒரே ஒரு ரவுண்டுதான். கடைசி இரண்டு ரவுண்டில் ஷெவ்சென்கோவின் கை ஓங்கியது என்பதில் பார்த்தவர்கள் யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. அப்படியானால் மொத்தத் தகராறும் முதல் மூன்று ரவுண்டுக்குள் இருக்கிறது. அந்த 15 நிமிடத்தைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அந்த 15 நிமிடத்தில் நடந்தது என்ன என்பதில் சந்தேகமில்லை. அதுவரை ஆறு முறை பட்டத்தைத் தக்கவைத்திருந்த ஷெவ்சென்கோவை, யாரும் அதிகம் எதிர்பார்க்காத சாந்தோஸ் திரும்பத் திரும்பத் தரைக்குக் கொண்டுபோய், முதுகுப் பக்கம் ஏறி, கால்களால் இடுப்பைப் பூட்டி, கழுத்தைத் தேடினார். ஷெவ்சென்கோ கழுத்தைக் கொடுக்கவில்லை. கையைப் பிடித்துப் பிடித்து விலக்கினார், சுழன்றார், எழுந்தார், நின்ற நேரத்தில் அடித்தார். இதெல்லாம் நிச்சயம். சந்தேகம் தொடங்குவது அடுத்த கேள்வியில்: முதுகில் இருப்பது எவ்வளவு பெறும்?

இதை ஒரு சனிக்கிழமை வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே எடையுள்ள இரண்டு மாணவர்களைப் பாயில் உட்காரவைத்தேன். ஒருவர் மற்றவரின் முதுகில் ஏறி, ஒரு காலை வயிற்றின் குறுக்கே போட்டு, அதன் கணுக்காலை மறு முழங்காலின் மடிப்பில் செருகிப் பூட்டினார். பாடி டிரையாங்கிள் என்பார்கள். கீழே இருப்பவர் மூச்சை விடும்போதெல்லாம் அந்தப் பூட்டு ஒரு நூல் இறுகும், உள்ளிழுக்கும்போது விட்டுக்கொடுக்காது. 4 நிமிடம் அப்படியே விட்டேன். மேலே இருந்தவர் கழுத்தைத் தேடினார், கீழே இருந்தவர் இரண்டு கையாலும் அந்த ஒரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தாடையை நெஞ்சில் புதைத்தார். முழுதாக இறுகிய பிடி ஒன்றுகூட இல்லை. கடைசி ஒரு நிமிடம் இருவரும் எழுந்து நின்றார்கள், கீழே இருந்தவர் இரண்டு நல்ல குத்து விட்டார், ஒன்று மூக்கில் பட்டது. சுற்றி உட்கார்ந்திருந்த பதினோரு பேரிடமும் தாளில் எழுதச் சொன்னேன். ஆறு பேர் முதுகில் இருந்தவருக்கு, ஐந்து பேர் மூக்கில் அடித்தவருக்கு. எல்லாரும் வருடக்கணக்கில் பாயில் உருள்பவர்கள், யாருக்கும் யார்மீதும் பகை இல்லை. அந்தத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

விதி என்ன சொல்கிறது என்றால், 2017 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, நடுவர் முதலில் பார்க்க வேண்டியது பலன் தந்த அடியையும் பலன் தந்த பிடியையும். சண்டையை முடிக்கும் திசையில் எது அதிகம் நகர்த்தியது என்பதுதான் அளவுகோல். அதில் இருவரும் சமம் என்றால் மட்டுமே யார் துணிந்து முன்னேறினார் என்று பார்க்கலாம். அதுவும் சமம் என்றால்தான் கூண்டின் நடுவை யார் ஆண்டார் என்பதற்குப் போகலாம். வீட்டில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒருவரைத் தரையில் தள்ளியது மட்டும் பெரிதல்ல, தள்ளியபின் அங்கே என்ன செய்தார் என்பதே கணக்கு. முதுகில் ஏறியதும் அப்படித்தான். அங்கிருந்து கழுத்தில் கை இறங்கி எதிராளி நிஜமாகவே ஆபத்தில் இருந்தாரா, அல்லது அவரை வைத்துக்கொண்டு நேரம் போனதா? சாந்தோஸ் நேரத்தைக் கடத்தினார் என்று நான் சொல்லவே மாட்டேன். அவர் தேடினார். அந்தத் தேடல் எவ்வளவு அருகில் போனது என்பதில்தான் மூன்று நடுவர்கள் பிரிந்திருக்க வேண்டும்.

இதை அடிவாங்கிய கண்ணால் பார்ப்பவருக்கு ஒரு பதில் வரும், பிடிவாங்கிய கழுத்தால் பார்ப்பவருக்கு இன்னொரு பதில் வரும். குத்துச்சண்டையிலிருந்து வந்த நடுவருக்கு, கழுத்தைச் சுற்றிய கை தாடைமேல் இருந்தால் 'ஒன்றும் ஆகவில்லை'. என்னைப் போலப் பாயில் வளர்ந்தவர்களுக்குத் தாடைமேல் இறுகும் கை எப்படி இருக்கும் என்று தெரியும். பல்லும் தாடையும் நொறுங்குவது போல இருக்கும், அதைத் தாங்கிக்கொண்டே மணிக்கட்டைத் தேடும் அந்தப் பத்து விநாடியில் அடுத்த ரவுண்டுக்கான பலம் பாதி போய்விடும். தொலைக்காட்சியில் அது அசையாமல் கிடக்கும் இரண்டு பேராகத்தான் தெரியும்.

மூன்றாவது ரவுண்டில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொண்டது. இருவரின் தலையும் தற்செயலாக மோதி சாந்தோஸின் கண் வீங்கி மூடத் தொடங்கியது. கண்குழி எலும்பு முறிந்திருந்தது பிறகு தெரியவந்தது. தற்செயலான தலைமோதலுக்கு யாருக்கும் புள்ளி கிடையாது, அது ஷெவ்சென்கோவின் அடியாக எழுதப்படக் கூடாது. இது விதி. ஆனால் எதிரே ஒருவரின் முகம் நிமிடத்துக்கு நிமிடம் வீங்குவதைப் பார்த்துக்கொண்டே, 'இது அடியால் வந்ததல்ல' என்று ஐந்து நிமிடமும் நினைவில் வைத்துக்கொள்வது கடினம். நடுவர்கள் அதில் தவறினார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை, அவர்கள் மனதில் என்ன ஓடியது என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். நான் தவறினேன் என்பதை மட்டும் சொல்ல முடியும். அன்று அரங்கில் உட்கார்ந்து என் கைப்பேசியில் ஒவ்வொரு ரவுண்டாகக் குறித்தேன், ஷெவ்சென்கோ 48-47. இரண்டு வாரம் கழித்து வீட்டில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தபோது சாந்தோஸ் 48-47 என்று வந்தது. மாறியது ஒரே ஒரு ரவுண்டு. அரங்கில் அந்த ரவுண்டு முழுக்க என்னைச் சுற்றி எழுந்த இரைச்சலும் அந்த வீங்கிய முகமும் என் விரலைத் தள்ளியிருந்தன. எந்த ரவுண்டு என்று இப்போதே சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் பார்க்கும்போது என் கண்ணைக் கடன் வாங்கிக்கொள்வீர்கள்.

ஆக, மாமா சாந்தோஸ் வென்றார் என்று சொல்வதில் தவறு எதுவும் இல்லை. என் இரண்டாவது தாளும் அதையே சொல்கிறது. கோல்மால் என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியாது. நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் மாமாவும் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வார். மூன்று நடுவர்கள் கூண்டைச் சுற்றி மூன்று வெவ்வேறு பக்கத்தில் உட்காருகிறார்கள். நான் முதன்முதலில் உட்கார்ந்த போட்டியில் ஒரு ரவுண்டு முழுக்க இருவரும் எனக்கு எதிர்ப்பக்க வேலியில் சாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவரின் முதுகு, கூண்டின் பஞ்சு சுற்றிய கம்பம், குறுக்கே நடுவே நடந்துகொண்டிருந்த ரெஃப்ரீயின் கருப்புச் சட்டை. அந்த முதுகுக்குப் பின்னால் முழங்கால் விலாவில் இறங்கியதா தொடையில் இறங்கியதா என்று சத்தத்தை வைத்துத்தான் யூகித்தேன். மணி அடித்து, தாளை வாங்க ஒருவர் கை நீட்டிக்கொண்டு நிற்பார். யோசிக்கக் கிடைப்பது சில விநாடிகள். பெரிய போட்டிகளில் நடுவர்களுக்கு முன்னால் சிறு திரை வைக்கிறார்கள், அது உதவும். ஆனால் நீங்களும் மாமாவும் பார்த்தது நான்கைந்து கேமராக்களிலிருந்து சிறந்த கோணத்தை ஒருவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த படம். அவர்கள் பார்த்த சண்டையை நாம் யாரும் பார்க்கவில்லை.

இங்கே மாமாவுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரவுண்டு ரவுண்டாகக் கணக்குப் போடும் இந்த முறையில் ஒரு பெரிய குறை உண்டு. மயிரிழையில் வென்ற ரவுண்டும் 10-9, தெளிவாக ஆதிக்கம் செலுத்திய ரவுண்டும் பெரும்பாலும் 10-9. மிக அதிகமாக நொறுக்கினால் 10-8 எழுதலாம், நடுவர்கள் அதை அளந்துதான் தொடுவார்கள். அதனால் மொத்தமாகப் பார்க்கும்போது 'இவர்தான் அதிகம் செய்தார்' என்று தோன்றும் ஒருவர் கணக்கில் தோற்பது நடக்கும். மாமா பார்த்தது 25 நிமிட ஒரே சண்டை. நடுவர்கள் பார்த்தது ஐந்து தனித்தனிச் சண்டை, ஒன்று முடிந்ததும் அடுத்ததற்குச் சிலேட்டைத் துடைத்துவிட வேண்டும். நம் ஊரில் மாமா வயதுக்காரர்கள் பலர் ஒன் சாம்பியன்ஷிப் பார்த்துப் பழகியவர்கள். அது 2011-இல் இதே காலாங் அரங்கில் தொடங்கிய சிங்கப்பூர் நிறுவனம், அங்கே சண்டையை ரவுண்டாகப் பிரிக்காமல் முழுதாக வைத்து மதிப்பிடுகிறார்கள். எதிராளியை முடிக்கும் அளவுக்கு யார் அருகில் போனார் என்பதற்கு அங்கே முதலிடம். அந்தக் கண்ணோடு பார்த்தால் சாந்தோஸ் பக்கம் சாய்வது இயல்பு. ஒருவேளை உங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதமே இரண்டு விதிப்புத்தகங்களுக்கு இடையில் நடந்த வாக்குவாதமோ என்னவோ.

இன்னொன்று. 2023 மார்ச்சில் அலெக்ஸா கிராசோ, ஷெவ்சென்கோவின் முதுகில் ஏறிக் கழுத்தைப் பிடித்துப் பட்டத்தைப் பறித்தார். உடனே பலரும், 'பார்த்தீர்களா, சாந்தோஸ் அன்றே வென்றார்' என்று எழுதினார்கள். இந்த வாதத்தை நான் ஏற்பதில்லை. ஷெவ்சென்கோவின் முதுகுப் பக்கம் திறக்க முடியும் என்று சாந்தோஸ் காட்டினார் என்பது உண்மை. ஆனால் 2023-இல் நடந்தது 2022-இன் தாளில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாது. ஷெவ்சென்கோ 2024 செப்டம்பரில் கிராசோவிடமிருந்து பட்டத்தை மீட்டார், அதை வைத்து எதிர்ப்பக்கம் வாதாடினாலும் இதே பதில்தான். எனக்கு மனதில் நிற்பது வேறு. சாந்தோஸுக்கு அந்தப் பட்டத்துக்கு மறுவாய்ப்புக் கிடைக்கவே இல்லை. அடுத்த சண்டை 2023 ஆகஸ்டில், மறுபடியும் அதே காலாங் அரங்கில், எரின் பிளாஞ்ச்ஃபீல்டிடம் தோல்வி. அத்தோடு யுஎஃப்சியில் அவர் கதை முடிந்தது. ஒரு ரவுண்டில் ஒருவர் பேனா இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் என்று நினைக்காமல் அந்தப் பெண்ணின் சண்டையை என்னால் பார்க்க முடிவதில்லை.

மற்ற சண்டைகளுக்கு வருகிறேன். முடிவு தெரிந்த பின்னும் ஒரு சண்டை உங்களை இழுக்கிறது என்றால், அதில் முடிவைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள். அந்தக் கார்டில் அப்படி முதலிடம் குளோவர் தெய்ஷெய்ராவும் ஜிரி புரோஹாஸ்காவும் மோதிய கடைசிச் சண்டைக்கு. தெய்ஷெய்ராவுக்கு அப்போது வயது 42, ஏழெட்டு மாதம் முன்புதான் அபுதாபியில் யான் பிளாஹோவிச்சை வென்று பட்டம் வாங்கியிருந்தார். புரோஹாஸ்காவுக்கு யுஎஃப்சியில் அது மூன்றாவது சண்டைதான். அவர் நிற்கும் விதமே நான் மாணவர்களுக்கு 'இப்படி நிற்காதே' என்று சொல்லும் விதம்: கை தொங்கும், தாடை திறந்திருக்கும், உடம்பு எங்கெங்கோ சாயும். தெய்ஷெய்ரா பழைய வீட்டுக் கதவு போல, மெதுவாக, கனமாக, நேராக வருவார். அடித்தவர் அடுத்த நிமிடம் அடிவாங்குவார், மேலே இருந்தவர் கீழே போவார், ஒவ்வொரு ரவுண்டிலும் இரண்டு முறையாவது 'முடிந்தது' என்று தோன்றும்.

5ஆம் ரவுண்டில் தெய்ஷெய்ரா குத்திப் புரோஹாஸ்காவைத் தடுமாற வைத்தார். தொடர்ந்து குத்தியிருக்கலாம். ஆனால் கில்லட்டின் பிடிக்குப் போனார், அதாவது முன்பக்கமாகக் கழுத்தை அக்குளுக்குள் வாங்கி நெரிக்கும் பிடி. பிடி நழுவியது. ரவுண்டு முடிய 28 விநாடி இருக்கையில் புரோஹாஸ்கா பின்னாலிருந்து கழுத்தை நெரிக்க, தெய்ஷெய்ரா கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். செக் நாட்டுக்கு அதுதான் முதல் யுஎஃப்சி பட்டம். இன்றுவரை எல்லாரும் அந்தக் கில்லட்டினை முட்டாள்தனம் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தடுமாறி முன்னால் குனிந்து வருபவரின் கழுத்து, உங்கள் கைக்குள் தானாக வந்து விழும். இருபது ஆண்டு பாயில் பழகிய உடம்பு அதை யோசித்துச் செய்வதில்லை. என்ன தவறியது என்றால், கில்லட்டினுக்கு முன்கையின் பலம் வேண்டும். 20 நிமிடத்துக்கும் மேல் கட்டிப்புரண்டபின் முன்கை மரக்கட்டையாகிவிடும், விரல்கள் மூடாது, உடம்பு முழுக்க வியர்வையும் ரத்தமும். நெரிக்க முடியாமல் போனால் கீழே கிடப்பது நீங்கள். பின்னாலிருந்து நெரிக்கும் பிடியில் அந்தத் தொல்லை குறைவு. கழுத்தின் இருபக்க ரத்தக்குழாய்களும் முழங்கை மடிப்புக்குள் அடைபடும், நெஞ்சை விரித்தாலே போதும், முதுகின் பலம் வேலை செய்துவிடும். களைத்த இருவரில் ஒருவர் கையை நம்பினார், மற்றவர் முதுகை நம்பினார். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசி ரவுண்டை மறுபடி பாருங்கள், தெய்ஷெய்ராவின் விரல்களை மட்டும் கவனியுங்கள்.

அந்தச் சண்டைக்குப் பின் இருவருக்கும் நல்லது பெரிதாக நடக்கவில்லை. புரோஹாஸ்கா தோள் காயத்தால் அதே ஆண்டு நவம்பரில் பட்டத்தைத் தானாக விட்டுக்கொடுத்தார். தெய்ஷெய்ரா 2023 ஜனவரியில் ரியோவில் ஜமஹால் ஹில்லிடம் தோற்று ஓய்வு பெற்றார்.

ஜாங் வெய்லியும் யோவான்னா யென்ஜேய்ச்சிக்கும் மோதியதை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். முதலில் 2020 மார்ச்சில் லாஸ் வேகஸில் அவர்கள் மோதிய 5 ரவுண்டைப் பாருங்கள். பெண்கள் சண்டைகளில் அதற்கு நிகராக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. அங்கேயும் முடிவு பிரிந்த தீர்ப்புதான், ஜாங் வென்றார், யோவான்னாவின் நெற்றி அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுக்கு மேல் யோவான்னா சண்டையே போடவில்லை. காலாங்கில் வந்து நின்றபோது ஜாங் பழைய ஜாங் இல்லை. முதல் ரவுண்டிலேயே எதிராளியைத் தரைக்கு இழுத்து, மேலிருந்து அடித்து, நின்று அடித்துக்கொள்ளும் பழைய சண்டையை அவருக்குத் தர மறுத்தார். இரண்டாவது ரவுண்டில் யோவான்னா முன்னேற, ஜாங் குனிந்து சுழன்று புறங்கையால் அடித்தார். யோவான்னா முகம் குப்புற விழுந்தார். நான் இருந்தது மேல்தளத்தில், அடி விழுந்த சத்தம் அங்கே கேட்க வாய்ப்பே இல்லை. ஆனால் அரங்கம் ஒரு கணம் மூச்சை உள்ளிழுத்த சத்தம் கேட்டது, அப்புறம்தான் கூச்சல். கையுறையைக் கழற்றி வைத்து ஓய்வை அறிவித்தார் யோவான்னா. ஜாங் அதே ஆண்டு நவம்பரில் பட்டத்தை மீட்டார். இங்கே கணக்கு எழுத நடுவருக்கு வேலையே இல்லை, அதனால் மாமாவும் நீங்களும் சண்டை போடாமல் பார்க்கலாம்.

கார்டில் இவற்றுக்குக் கீழே இருந்த சண்டைகளில் எதையும் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன், ஒன்றைத் தவிர. ஜாக் டெல்லா மட்டலேனா, ரமஸான் எமீவை முதல் ரவுண்டிலேயே உடம்பில் அடித்து முடித்தது. அன்று அவர் பெயரை நம்மில் பலருக்கு ஒழுங்காக உச்சரிக்கக்கூடத் தெரியாது, 2025 மே மாதம் அவர் பட்டம் வென்றார். பழைய கார்டுகளைத் தோண்டுவதில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். 2014 ஜனவரியில் மரீனா பே சாண்ட்ஸில் யுஎஃப்சி முதன்முதலாகச் சிங்கப்பூர் வந்தபோது, மேக்ஸ் ஹாலவே இரண்டாவது ரவுண்டில் ஒருவரை முடித்துவிட்டுப் போனார், அப்போது அவரைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கவில்லை. 2023-இல் அதே ஹாலவேதான் காலாங்கில் 'கொரியன் ஜோம்பி' என்று அழைக்கப்பட்ட வீரரை மூன்றாவது ரவுண்டின் 23ஆவது விநாடியில் வீழ்த்தி அந்த வீரரின் கடைசிச் சண்டையை முடித்துவைத்தார். ஜேக் மேத்யூஸ், ஆந்த்ரே ஃபியாலோ சண்டையும் பரவாயில்லை, நேரம் இருந்தால் பாருங்கள்.

சரி, இனி மாமாவோடு என்ன செய்வது? ஷெவ்சென்கோ, சாந்தோஸ் சண்டையை இன்னொரு முறை போடுங்கள். தொலைக்காட்சியின் சத்தத்தை முழுதாக அணைத்துவிடுங்கள், வர்ணனையாளர்கள் எதைப் பெரிதாகச் சொல்கிறார்களோ அதைத்தான் நம் கண் பார்க்கும். ஆளுக்கொரு தாள், ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் நிறுத்தி, பத்து விநாடிக்குள் எழுதிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வையுங்கள். இடைவேளையில் காட்டும் மறு ஒளிபரப்பைத் தாண்டிவிடுங்கள், நடுவர்கள் அதைப் பார்த்து எழுதுவதில்லை. ரவுண்டின் பக்கத்தில் ஒரே ஒரு வரி காரணமும் எழுதுங்கள்: 'கழுத்தில் கை இறங்கியது', 'இரண்டு நல்ல அடி', இப்படி. மூன்றாவது ரவுண்டில் தலைமோதல் எங்கே நடக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு, அந்த வீக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முயலுங்கள். எவ்வளவு கடினம் என்று அப்போது தெரியும்.

முடிந்ததும் இரண்டு தாளையும் படம் எடுத்து இந்தக் கேள்விக்குக் கீழேயே போடுங்கள். முக்கியமாக மாமா எழுதிய காரணங்களைப் பார்க்க எனக்கு ஆசை. இருபது முப்பது ஆண்டு குத்துச்சண்டை பார்த்தவர் என்று எழுதியிருந்தீர்கள், அப்படிப்பட்ட ஒருவர் சாந்தோஸ் பக்கம் நிற்கிறார் என்றால், பாயில் வளர்ந்த எனக்குத் தெரியாத எதையோ அவர் பார்த்திருக்கிறார். தாள்கள் வந்தபின், முதல் மூன்றில் என் கணக்கு மாறிய அந்த ரவுண்டு எது என்று சொல்கிறேன்.